கூரை பொருந்தாத மாளிகை

"எங்கட அம்மாவுக்கு ஒரு கடை வேணும், முதலாளி. றோட்டைப் பாத்த கடை. கதவு வைச்சது, பெயர்ப்பலகை வைச்சது."

மயில்வாகனம் முதலாளி நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று மூக்குமயிரை ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடிக்குள் பிரேமிளாவின் முகம் அவருடைய தோளுக்கு மேலாகத் தெரிந்தது. அவர் திரும்பவில்லை. கண்ணாடிக்குள் நின்றவளிடமே கேட்டார்.

"என்ன பிள்ளை சொன்னனீ?"

"கடை வேணும் எண்டனான்."

பக்கத்தில் சீலை மடித்துக்கொண்டிருந்த சுதாஜினி, மடித்த சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியதைப் பார்த்தால் அழுகை மாதிரி இருந்தது. சுதாஜினி அழுகிற சாதியில்லை.

இந்தக் கேள்வியை மட்டும் கேட்கக் கூடாது என்று, பிரேமிளா இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே தாய் ராக்காயி சொல்லி அனுப்பியிருந்தாள். "மொதலாளிகிட்ட லீவு கேளு. கிழிஞ்ச சீல இருந்தா கேளு. எடம் மட்டும் கேட்டுராத புள்ள. குந்த விட்டவன்கிட்டப் போயி எடம் கேட்டா, குந்தியிருக்கிறதும் போயிரும்." தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து, ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறிய ஒருத்தி சொன்னால் அதில் அனுபவம் இருக்கும். ஆனால் குந்தியிருக்கிறதும் எப்படியோ போகத்தான் போகிறது என்றால், கேட்டால் என்ன?

பிரேமிளா பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்தவள். ஜெயபுரத்து மலையகச் சனத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள். பட்டம் கிடைத்தால் உத்தியோகம் தானாக நடந்து வீட்டுக்கு வரும் என்று ஊர் நம்பியது. தொண்ணூற்றேழில் மல்லாவிக்கு நடந்து வந்ததெல்லாம் இடம்பெயர்ந்த சனம்தான். காலையில் கொட்டில் பள்ளிக்கூடமொன்றில் சம்பளமில்லாத தொண்டராசிரியை. பள்ளிக்கூடம் விட்டதும் கமலாசனி மாளிகையில் சீலை விரிப்பவள். வாய் மட்டும் இரண்டு இடத்திலும் முழுநேரம் வேலை செய்தது.

கமலாசனி மாளிகை என்றால் அந்த நாளில் மல்லாவியில் மட்டுமில்லை, வவுனிக்குளம் தொடக்கம் முழங்காவில் வரைக்கும் பெயர். சவர்க்காரமும் பற்றரியும் கண்ணில் காட்டக் கிடைக்காத காலத்தில் பட்டுச்சீலையும் வாசனைப் பவுடரும் குதி வைத்த செருப்பும் விற்ற இடம். கலியாணம் என்றால் முதல் பொருத்தம் பார்ப்பார்கள், அடுத்தது மாளிகைக்கு வருவார்கள்.

யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது முதலாளி கிளாலிக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவை மூன்று: சீலைக் கட்டுகள், பெரியகடை வீதியில் அவருடைய கடைக்குள் நின்ற ஆளுயர நிலைக்கண்ணாடி, மனைவி கமலாசனி. இந்த ஒழுங்கில்தான் கொண்டுவந்தார் என்று கமலாசனி சொல்லுவா. கண்ணாடியை அவவுடைய கலியாண மெத்தைக்குள் சுற்றிப் படுக்கவைத்து, அவவை வள்ளத்து விளிம்பில் குந்தவைத்தாராம். "கண்ணாடி நித்திரை கொண்டு வந்தது. நான் முழிச்சிருந்து வந்தனான்" என்று வாற சனத்துக்கெல்லாம் சொல்லிக்காட்டுவா.

தொடக்கத்தில் ஒரு பாலை மரமும் ஒரு தறப்பாளும்தான் கடை. கண்ணாடியை மரத்தில் சாத்தி வைத்திருந்தார்கள். சனம் சீலை பார்க்க வரவில்லை, தன்னைப் பார்க்க வந்தது. கைக்கண்ணாடியில் முகத்தைத் துண்டு துண்டாய்ப் பார்த்தவர்கள் உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் ஒரேயடியாய்ப் பார்த்தார்கள். துணுக்காயிலிருந்து வந்த ஒரு கமக்காரர் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு கட்டையனோ? மனிசி ஒருநாளும் சொல்லேல்லையே" என்று கவலைப்பட்டுப் போனார். போகிற போக்கில் மனைவிக்கு ஒரு சீலையும் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வருசம் கிளிநொச்சியும் பெயர்ந்தது. சனமும் அரசாங்கக் கந்தோர்களும் மல்லாவிக்கு வந்து இறங்க, நாலு கடையும் ஒரு சந்தையுமாய்க் கிடந்த இடம் பட்டினமாகிவிட்டது. முதலாளி தறப்பாளைக் கழற்றித் தென்னோலைக் கிடுகால் கடை போட்டார். அதற்குப் பக்கத்தில் செருப்புக் கடை. பிறகு தையற்கடை, பிறகு காப்பும் தோடும் விற்கிற பான்சிக் கடை. கடைசியாக மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டி ஒன்றை எங்கிருந்தோ பிடித்து ஒரு கூல்பார். அந்தப் பெட்டி வேலை செய்த நாட்களைவிட அதைப் பற்றிக் கதைத்த நாட்கள் கூட.

எல்லாவற்றையும் கட்டியவர் பிரேமிளாவின் தகப்பன் பழனியாண்டி. கூடவே ஜெயபுரத்திலிருந்து வந்த அவருடைய ஆட்கள். கப்பு நட்டு, வளை ஏற்றி, பனஞ்சிலாகை அடித்து, கிடுகு கட்டினார்கள். ஆனால் ஒரு கடையின் கூரையை மற்றக் கடையின் கூரையோடு பழனியாண்டி ஒருநாளும் பொருத்தவில்லை. ஒன்று முன்னால் நிற்கும், மற்றது பின்வாங்கி நிற்கும், மூன்றாவது சரிந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் நடுவில் மரமும் வெளியும்.

"ஏன் பழனியாண்டி இப்பிடி ஆட்டுப் புழுக்கை சிந்தினமாதிரிக் கட்டுறாய்?" என்று முதலாளி கேட்டார்.

"நீட்டா ஒரே கூரையாப் போட்டா மேல இருந்து பாக்கிறவனுக்கு இயக்கத்துக் காம்பு மாதிரித் தெரியுமுங்க. கிபிர்காரன் குண்டு போட்டுட்டுப் போயிருவான்."

முதலாளிக்கு அது நல்ல நியாயமாய்ப் பட்டது. அதற்குப் பிறகு அதைத் தன்னுடைய யோசனை என்றே எல்லாருக்கும் சொல்லிவந்தார்.

சீலைக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் கிடந்த வெளியில்தான் ராக்காயி அடுப்பு வைத்திருந்தாள். அவளுடைய தொழிலை மல்லாவியில் வேறு யாரும் செய்யவில்லை. வீட்டில் நிவாரண மா இருக்கும், தேங்காய் இருக்காது. தேங்காய் இருந்தால் விறகு இருக்காது. சனம் மாவைக் கொண்டுவந்து ராக்காயியிடம் கொடுக்கும். அவள் தேங்காய்ப்பூப் போட்டுப் பிசைந்து, தகரத்தில் சுட்டு, இடித்த சம்பலோடு ரொட்டியாய்த் திருப்பிக் கொடுப்பாள். ஒவ்வொரு மாவிலும் ஒரு பிடி அவளுக்கு. அந்தப் பிடியில் சுட்டதை விற்பாள். ரொட்டி வேகும்வரைக்கும் மாக்காரர் என்ன செய்வது? ஒரு பக்கம் சீலைக்கடை, மறுபக்கம் செருப்புக்கடை. சும்மா பார்ப்போம் என்று ஏறுவார்கள். சும்மா ஏறியவர்கள் சும்மா இறங்கியதில்லை.

அவளுடைய அடுப்புக்குப் பின்னால்தான் பங்கர். கிபிர் விமானம் இரைந்தால் எல்லாரும் அதற்குள் இறங்குவார்கள். ஒருமுறை முழங்காவிலிலிருந்து கூறைச்சீலை எடுக்க வந்த குடும்பமும் சுதாஜினியும் விரித்த சீலையோடு அப்படியே உள்ளே போய்விட்டார்கள்.

"இந்த இருட்டுக்கை என்ன நிறமெண்டு தெரியுதே பிள்ளை?" என்று மணப்பெண்ணின் தாய் கேட்டா.

"இருட்டுக்கையே இப்பிடி மினுங்குதெண்டால், வெளியிலை போனால் யோசிச்சுப் பாருங்கோ அன்ரி" என்றாள் சுதாஜினி.

விமானம் போக முதல் சீலை விற்றுவிட்டது.

இப்படிக் கடையும் அடுப்புமாய்ச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், புரட்டாதி மாதத்தில், கனடாவிலிருந்து முதலாளியின் மச்சான் ஒரு படம் அனுப்பினார். மச்சான் ஒரு பெரிய கட்டடத்துக்குள் குளிர்ச்சட்டையோடு நிற்கிறார். அவருக்கு இரண்டு பக்கமும் கண்ணாடிக் கடைகள், தலைக்கு மேலே ஒரே கூரை. அந்த ஊரில் இதை மோல் என்று சொல்லுவார்களாம். ஒரு முனையில் உள்ளிட்டால் மழை படாமல் மறுமுனையில் வெளிக்கிடலாமாம்.

முதலாளி அந்தப் படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். ஐப்பசி மழைக்கு முதல் எல்லாக் கடையையும் ஒரே கூரைக்குள் கொண்டுவருவது, நடு வெளிகளை அடைப்பது, ராக்காயியின் இடத்தில் நிலைக்கண்ணாடியை வைத்து மண்டபம் ஆக்குவது என்று முடிவெடுத்தார். "கிபிருக்கு என்ன செய்யிறது?" என்று தையற்கடைக்காரர் கேட்டதற்கு, "பச்சை மட்டை வெட்டி மேலை போடுவம். காடு எண்டு நினைப்பான்" என்றார். ராக்காயி? அவள் பின்னால் கிணற்றடிக்குப் போகலாம்.

அதனால்தான் பிரேமிளா கேட்டாள்.

முதலாளி கடைசியில் கண்ணாடியை விட்டுத் திரும்பினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பிரேமிளாவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"பிள்ளை, நீ படிச்சனி. கூரை முடிஞ்ச உடனை உன்னை நான் மனேச்சராய்ப் போடுறதெண்டு இருக்கிறன். கதிரை, மேசை, மணி எல்லாம் வைச்சு."

"எனக்குக் கதிரை வேண்டாம். அம்மாவுக்குக் கடை."

"கதிரையிலை நீ இருக்க, வாசலிலை கொம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தால் ஆக்கள் என்ன நினைப்பினம்? மனேச்சர் ஆற்றை பிள்ளை எண்டு கேக்க மாட்டினமே?"

"கேட்டால் சொல்லுவன்."

"அதைத்தான் சொல்லாதை எண்டுறன்." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "நான் சாதி, தோட்டம் எண்டு பாக்கிற ஆளில்லை. வாற சனத்துக்காகச் சொல்லுறன்."

பார்க்காத ஆள் எதற்குக் குரலைத் தாழ்த்துகிறார் என்று பிரேமிளா கேட்டிருப்பாள். அதற்குள் கமலாசனி உள்ளேயிருந்து, "இஞ்சருங்கோ, அந்த மூக்கை விட்டிட்டு இந்தக் கட்டைத் தூக்கித் தாங்கோ" என்று கூப்பிட்டுவிட்டா.

அன்று பின்னேரம் பிரேமிளா வீட்டுக் குடிசையில் சண்டை. மனேச்சர் என்ற சொல் அவளுக்கு முதலே வீடு வந்து சேர்ந்திருந்தது. சுதாஜினியின் வாய்க்கு சைக்கிள் தேவையில்லை.

"கேக்காதேன்னேனா இல்லியா?" ராக்காயி மரவள்ளிக்கிழங்கை உரித்துப் பானைக்குள் எறிந்தாள். ஒவ்வொரு துண்டும் வெடிச்சத்தத்தோடு விழுந்தது.

"கேட்டதாலதானே மனேசர் வேலை குடுக்கிறேன்னாரு" என்றார் பழனியாண்டி. அவர் முகம் முழுக்கப் பல். "மனேசர்னா தொரை மாதிரி. எங்கப்பன் தொரைக்கு முன்னாடி தலைத்துண்ட அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிப்பாரு. எம் மக கதிரையில ஒக்காருவா."

"அம்மாவ அம்மான்னு சொல்லக்கூடாதாம்பா."

"சொல்லாத" என்றாள் ராக்காயி உடனே. "நான் என்ன, பேரு சொல்லலைன்னா கரைஞ்சா போயிருவேன்? கெணத்தடியில ஒக்காந்து சுட்டாலும் ரொட்டி வட்டமாத்தான் வரும்."

"கிணத்தடியில யாரும்மா மா கொண்டு வருவாங்க?"

கிழங்கு இன்னும் வேகமாய் விழுந்தது.

பழனியாண்டி சுருட்டைப் பற்றவைத்து, அணையவிட்டு, திரும்பப் பற்றவைத்தார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார். "ஒரே கூரையா நான் போட்டதில்ல, தெரியுமில்ல."

"கிபிருக்காகத்தானே?"

"கிபிராவது மண்ணாவது. நான் அந்த நெனப்புலயே கட்டல." அவர் வாசலைப் பார்த்தார். "தோட்டத்து லயம் புள்ள. நீட்டுக் கூரைய நெனச்சாலே எனக்கு லயம் ஞாபகம் வந்துரும். ஒத்தச் செவுரு, ஒத்தக் கூரை. மொத காம்பிராவுல கெழவன் இருமினா கடசிக் காம்பிராவுல புள்ள முழிக்கும். யாரு வீட்டுல எப்ப சண்டை, யாரு வீட்டுல சோறு இல்ல, எல்லாம் எல்லாருக்கும் கேக்கும். ஆம்பள பொம்பள ஒரு பேச்சுப் பேச முடியாது. ரெண்டு வீட்டுக்கு நடுவுல காத்துப் போற எடம் வேணும்னு அப்பயே நெனச்சுக்கிட்டேன். இங்க வந்து கட்டச் சொன்னாங்க. நான் காத்து விட்டேன்."

"இதை ஏன்யா எங்கிட்டச் சொல்லல?" என்று ராக்காயி கேட்டாள்.

"லயத்துல சொல்ல முடியல. இங்க மறந்துட்டேன்."

ராக்காயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்து முடித்தபோது சண்டை எங்கே நின்றது என்று யாருக்கும் ஞாபகமில்லை. கிழங்கும் சம்பலும் சாப்பிட்டார்கள்.

"இப்ப மாத்திரம் லயம் கட்டப் போறீங்களா?" என்று பிரேமிளா கேட்டாள்.

"ஒன் கதிரைக்காகக் கட்டுறேன்" என்றார் பழனியாண்டி.

கூரை போடுகிற நாள் காலை, ராக்காயி தகரத்தையும் அடுப்புக்கற்களையும் தூக்கிக்கொண்டு இடத்தைவிட்டு எழும்பினாள். கிணற்றடிக்குப் போகவில்லை. கிணற்றடி முழுக்கக் கிடுகு ஊறப்போட்டுக் கிடந்தது. றோட்டுக்கு அந்தப் பக்கம் இராசேஸ்வரியின் காணி. இராசேஸ்வரி மல்லாவியிலேயே பிறந்து வளர்ந்தவ, வயல்காரி. வவுனிக்குளத்துத் தண்ணீருக்காக யாரோடும் சண்டை பிடிக்கக்கூடியவ. அவவுடைய நெல்லுக் கொட்டில் அறுவடை வரும்வரைக்கும் வெறுமையாய்க் கிடந்தது.

"இஞ்சாலை வா ராக்காயி. கல்லைத் தூக்கிக்கொண்டு எங்கை அலையிறாய்? இதுக்குள்ளை வைச்சுச் சுடு."

"ஒரு நாளைக்குத்தானுங்கம்மா."

"ஒரு நாளோ ஒன்பது நாளோ, எனக்கு ரெண்டு ரொட்டி. சம்பலுக்கு உறைப்புக் கூடப் போடு."

இந்தப் பக்கம் பழனியாண்டியும் ஆட்களும் முகட்டில் ஏறியிருந்தார்கள். கீழே பெண்கள் கிடுகை எறிய, மேலே ஆண்கள் பிடித்துக் கட்டினார்கள். மழை தெற்கே கறுத்துக்கொண்டு நின்றது. தையற்கடையும் பான்சிக் கடையும் ஒன்றாகின. கூல்பார் வந்து ஒட்டிக்கொண்டது. முதலாளி றோட்டில் நின்று கனடாப் படத்தையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மச்சானுக்குப் படம் எடுத்து அனுப்ப வேணும்" என்றார்.

"எங்கட கலியாணப் படமே இன்னும் கழுவேல்லை" என்றா கமலாசனி.

மத்தியானம் கடைசி வெளிக்கு வந்துவிட்டார்கள். சீலைக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், ராக்காயி இருந்த இடம். இரண்டு பக்கக் கூரையின் தாழ்வாரத்தையும் வெட்டிச் சிலாகை நீட்டியாகிவிட்டது. கிடுகு கட்டினால் முடிந்தது. பழனியாண்டி முகட்டில் குந்தி, கீழேயிருந்து வந்த கிடுகைப் பிடித்தார். கட்டவில்லை. அதை மடியில் வைத்தபடி இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கூரையைப் பார்த்தார். நேராக, நீளமாக, ஒரே வரிசையாக அது கிடந்தது.

ஏணியில் இறங்கினார்.

"என்ன பழனியாண்டி?"

"பசிக்குதுங்க."

சாப்பாடு றோட்டுக்கு அந்தப் பக்கம். நெல்லுக் கொட்டிலுக்குள் ராக்காயி ரொட்டியோடு பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தாள். ஆட்கள் சம்பலைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். இராசேஸ்வரிக்கு உறைப்பில் கண்ணீர் ஓடியது, நிறுத்தாமல் சாப்பிட்டா. பழனியாண்டி தேத்தண்ணியும் குடித்து முடித்து, துண்டை உதறி விரித்து, கொட்டில் வாசலில் வசதியாகப் படுத்துக்கொண்டார்.

முதலாளி றோட்டைக் கடந்து வந்தார். "மழை வருகுது. ஏறன்."

"ஏறமாட்டேங்க."

"ஏன்? கிபிரே?"

"கிபிரு இல்லீங்க. அது பொய்யி." பழனியாண்டி எழும்பி இருந்தார். "மொதலாளி கோவிச்சுக்காதீங்க. நான் லயத்துல பொறந்தவன். இன்னொரு லயம் கட்ட எங் கையில வரல. மேல ஒக்காந்து பாத்தேன், மொத காம்பிராவுல எங்கப்பன் இருமுறது கேட்டுச்சு."

அவருடைய ஆட்களும் லயத்தில் பிறந்த ஜெயபுரத்தார்தான். ஒருவர் தலையைச் சொறிந்தார். இன்னொருவர், "எனக்கும் காலயிலருந்து ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, என்னன்னு தெரியல" என்றார். எல்லாரும் திரும்பவும் இலையைப் பார்த்துக் குனிந்தார்கள்.

பழனியாண்டி மகளைத் தேடினார். அவள் கதவோரம் நின்றாள். "ஒங் கதிரை போச்சே பாப்பா" என்றார்.

பிரேமிளா சிரித்தாள். அந்தப் பெண் சிரித்தால் சத்தமாய்ச் சிரிப்பாள்; பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டு தரம் வெளியே அனுப்பியிருக்கிறார்கள். "போகட்டும்பா. ரொட்டி எடுங்க" என்றாள்.

அப்போது மழை விழுந்தது.

வன்னி மழை தூறிப் பழகிவிட்டு வருவதில்லை. வந்தால் கொட்டும். இரண்டு பக்கக் கூரைத் தண்ணீரும் மூடாத நடு வெளியை நோக்கி ஓடியது. தாழ்வாரத்தை வெட்டியிருந்ததால் வெளியே விழவேண்டிய தண்ணீர் சீலைக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் உள்ளேயே விழுந்தது.

"ஐயோ சீலை" என்று கமலாசனிதான் முதல் ஓடினா. பின்னால் சுதாஜினி, பிரேமிளா, ஜெயபுரத்து ஆட்கள், மாவோடு காத்துநின்ற சனம், எல்லாரும் ஓடினார்கள். பட்டையும் நூலையும் தலையில் தூக்கித் தறப்பாளால் மூடிக்கொண்டு றோட்டைக் கடந்தார்கள். நெல்லுக் கொட்டிலின் வளைகளில் சீலைகளைத் தொங்கவிட்டார்கள். நனைந்தது, நனையாதது, அரக்கு, மயில்கழுத்துப் பச்சை, மஞ்சள். கொட்டில் கோயில் தேர் மாதிரி ஆகிவிட்டது. அதற்கு நடுவில் ராக்காயி அடுப்பைக் கூட்டினாள். சீலைகளுக்குக் கீழே சனம் குந்திக்கொண்டு ஆவி பறக்கிற ரொட்டியைப் பிய்த்தது.

கமலாசனி ஈரத்தலையோடு அடுப்பங்கரையில் சம்மணம் கட்டி உட்கார்ந்தா. "ராக்காயி, எனக்கும் ஒரு பிளேன்ரீ. இடம்பெயர்ந்த நாள் தொடக்கம் இண்டைக்குத்தான் என்னை ஒருத்தர் நடுவிலை இருத்தியிருக்கினம்."

"பனங்கட்டி போதுமாங்கம்மா?"

"கடிக்கத் தா. காணும்."

மழை விடவில்லை. மாப்பையோடு காத்திருந்த ஒரு கிழவர் பொழுது போகாமல் தலைக்கு மேலே தொங்கிய சீலையைத் தடவினார். "இது என்ன விலை பிள்ளை?" சுதாஜினி எழும்பினாள். அந்தப் பின்னேரம் கொட்டிலுக்குள் விற்ற சீலை, மாளிகையில் நல்ல நாளில் விற்காத அளவு. முதலாளி கூடக் கடைசியில் ஒரு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விலை சொல்லிக்கொண்டு நின்றார்.

இராசேஸ்வரி பிரேமிளாவுக்குப் பக்கத்தில் வந்தா. "ஏன் பிள்ளை, இந்தக் கொட்டில் நல்லாத்தானே இருக்கு."

"ஓம் அக்கா."

"பிறகேன் கொம்மா நாளைக்குத் திரும்பக் கல்லைத் தூக்கிக்கொண்டு போறா? இஞ்சையே இருக்கச் சொல்லு. கதவு இருக்கு. றோட்டைப் பாத்துத்தான் கிடக்கு."

பிரேமிளா அவவைப் பார்த்தாள். "அறுவடைக்கு நெல்லு வந்தால்?"

"வந்தால் பக்கத்திலை இன்னொண்டு போடுவம். உன்ர கொப்பர் சும்மாதானே படுத்திருக்கிறார்." இராசேஸ்வரி மூக்கைத் துடைத்துக்கொண்டா. "நடுவிலை காத்து விட்டுக் கட்டச் சொல்லு. அவருக்கு அதுதானே பிடிக்கும்."

"பெயர்ப்பலகை?"

"போடன். ராக்காயி எண்டு போட உனக்கென்ன வெக்கமே?"

ராக்காயி அடுப்பிலிருந்து தலை தூக்கினாள். "எம் பேரையா? எம் பேர எழுதி எவன் படிச்சிருக்கான்?"

"நாளைக்குப் படிப்பாங்கம்மா" என்றாள் பிரேமிளா. அந்த இடத்திலேயே கொட்டிலைக் கண்ணால் அளந்துவிட்டாள். இந்தப் பாதி அடுப்பு. அந்தப் பாதியில் வாங்கு போட்டுப் பின்னேர வகுப்பு, ஏ.எல். பரீட்சைக்கு வரலாறு. ரொட்டிக்கு வருகிற சனத்தின் பிள்ளைகளே வகுப்பு நிறையக் காணும்.

மறுநாள் காலை வானம் கழுவினமாதிரிக் கிடந்தது. முதலாளி ஆள் விட்டுக் கூப்பிட, பிரேமிளா போனாள். மாளிகைக்குள் ஈரக் கிடுகு மணம். மூடாத நடு வெளியால் வெயில் உள்ளே விழுந்து, காய்ந்துகொண்டிருந்த தரையில் கிடந்தது. முதலாளிக்கு நித்திரை இல்லை என்று முகம் சொன்னது.

"நான் யோசிச்சனான் பிள்ளை. இந்த இடத்தை மூடேல்லை. கொம்மாவுக்கே விடுறன். கதவு போட்டுத் தாறன். பலகையும் வையுங்கோ. மனேச்சர் கதிரையும் உனக்குத்தான். ஆற்றை பிள்ளை எண்டு கேட்டாலும் சொல்லு, எனக்கென்ன."

அவர் மனதாரத்தான் சொன்னார். அது பிரேமிளாவுக்கும் விளங்கியது. அதனால்தான் அவள் கத்தவில்லை.

"நல்ல விசயம் முதலாளி. ஆனால் அம்மா வரமாட்டா. நானும் இனி வரேல்லை."

"கேட்டதெல்லாம் தந்திட்டன். இன்னும் என்ன?"

"ஒண்டுமில்லை. உங்களிட்டை நான் கேட்டனான். நேற்றுச் சனம் அந்தப் பக்கம் போன பிறகு தாறியள். இராசேஸ்வரி அக்காட்டை நாங்கள் வாய் திறந்து கேக்கேல்லை."

"படிச்ச பிள்ளை ரொட்டிக்கடையிலை நிண்டு என்ன செய்யப் போறாய்?"

"படிப்பிக்கப் போறன்."

முதலாளி கமலாசனியைப் பார்த்தார், ஏதாவது சொல்லட்டும் என்று. கமலாசனி சீலை ஒன்றை உதறி மடித்துக்கொண்டிருந்தா. "எனக்கு ரெண்டு ரொட்டி எடுத்து வைக்கச் சொல்லு பிள்ளை, பத்து மணிக்கு வாறன்" என்றா.

சுதாஜினி வாய்க்குள் சிரித்தபடி கையை மட்டும் அசைத்தாள். பிரேமிளா செருப்பை மாட்டிக்கொண்டு படியால் இறங்கினாள். வாசலில் ஒரு உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து ஒரு கலியாணக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. பளையிலிருந்து பெயர்ந்து அக்கராயனில் இருக்கிற ஆட்களாம். பெரிய மனிசி ஒருத்தி அவளை மறித்தா.

"தங்கச்சி, கூறைச்சீலை நல்லது இஞ்சைதானே?"

"இஞ்சைதான் அன்ரி. நல்ல சீலை. ஆனால் வெறும் வயித்தோடை சீலை தெரிவு செய்யாதையுங்கோ, சரிவராது. முதல் அங்காலை வாங்கோ."

சொல்லிவிட்டு அவர்கள் வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்து றோட்டில் இறங்கினாள்.